மாரண்டஹள்ளியில் நான்காவது நிறுத்தம்

தஞ்சாவூரில் பிறந்து, ஐம்பத்தாறு வயதுவரை சமதரையிலேயே நடந்து பழகியவளுக்கு ஜனவரி மாதத்துத் தர்மபுரி வெளிநாடு மாதிரிதான். குளிர் வேறு, மண் வேறு, பேச்சு வேறு. காபி கேட்டால் டீயைக் கொடுத்து, "இதுதான் மேடம் இங்க நல்லாருக்கும்" என்று சமாதானமும் சொல்கிறார்கள்.

ஏன் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய கோயிலுக்கு வருகிறவர்களைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்வது என் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாக ஒரே ராஜா, ஒரே கதை. கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று கேள்விப்பட்டு வருகிறவர்களிடம் ஆரம்பத்தில் "விழும், இதோ பாருங்கள்" என்று காட்டிக்கொண்டிருந்தேன். முகம் வாடிப் போவார்கள். பிறகு எனக்கும் அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் நிழலில் நின்றுகொண்டே நிழல் விழாது என்று சொல்கிறேன். கைதட்டுகிறார்கள். என் முழங்கால்கள் இரண்டும் ரிட்டயர் ஆகிவிட்டன, நான்தான் இன்னும் ஆகவில்லை.

போன வருஷம் கவிதா என்கிற கல்லூரி விரிவுரையாளர் மாணவிகளோடு கோயிலுக்கு வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளி. அவர்தான் டிசம்பரில் போன் செய்தார். இந்தி வேண்டாம் என்று தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவில் இறங்கிய அறுபத்தைந்தாம் வருஷத்து ஜனவரியை நினைவுகூர ஊரில் ஒரு விழா வைக்கிறார்களாம். முதலில் ஊரார் உட்கார்ந்து பேசும் கூட்டம். அப்புறம் ஊருக்குள் ஏழு இடங்களில் நின்று கதை கேட்டுக்கொண்டே போகும் நினைவு நடை. வெளியூர்க்காரர்களும் வந்து பார்க்கிற மாதிரி அதை நான் வகுத்துக் கொடுத்து, முதல் நடையை நடத்தியும் தர வேண்டும்.

ஏழு இடங்களுக்குமான பலகை வாசகங்களைப் போனிலேயே அனுப்பினார். திருத்திக் கொடுத்தேன். நான்காவது பலகையில் "மாணவர்கள் பேருந்தை நிறுத்தி இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்த இடம்" என்று இருந்தது. கொஞ்சம் சப்பென்று இருந்ததால் முன்னால் "வீறுகொண்ட" என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். தொழில் புத்தி.

முதல் நாள் பஸ் அதியமான்கோட்டை தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. டிரைவர் கீழே குனிந்து பார்த்தார், கண்டக்டர் குனிந்து பார்த்தார், அப்புறம் பயணிகள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். நான் குனியவில்லை, குனிந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். எங்கள் ஊர் பஜ்ஜி மிளகாய்க்குக் காரம் என்றால் என்னவென்றே தெரியாது. இது வேறு சாதி. கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்த கடைக்கார அம்மாள் ஒரு சொம்பு மோரை நீட்டி, "ஊருக்குப் புதுசுங்களா?" என்றார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வேறு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

கவிதா தன் வீட்டிலேயே தங்கச் சொன்னார். ராகிக் களியும் பிதுக்குப் பருப்புச் சாறும் செய்திருந்தார்கள். ஊறவைத்த மொச்சையைத் தோல் நீக்கிச் செய்வது. பனிக்காலத்துக்கு மட்டும் உள்ள சாப்பாடு. களியை மெல்லக் கூடாது, உருட்டிச் சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும் என்றார்கள். நான் மென்றேன். கவிதாவின் அம்மா அடுக்களையிலிருந்து தெலுங்கில் ஏதோ சொல்ல, கவிதா சிரித்துவிட்டார். என்னவென்று கேட்டேன். "அரிசிச் சோறு சாப்புடறவங்களுக்கு அவசரம் ஜாஸ்தின்னு அம்மா சொல்றாங்க மேடம்" என்றார். அவர்கள் வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தமிழ். தெருவில் இறங்கினால் எல்லோரும் தமிழ். தமிழைக் காக்க எழுந்த போராட்டத்துக்கு விழா எடுக்கிற குழுவில் பாதிப் பேர் வீட்டுக்குள் வேறு மொழி பேசுகிறவர்கள் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

இரண்டாம் நாள் வழியைப் பார்க்கக் கிளம்பினோம். சேகர் என்பவரின் ஆட்டோ. ஏழு இடங்களில் ஆறு இடம் இப்போது இல்லை. மாணவர்கள் கூடிய மைதானத்தில் கடைகள். ஊர்வலம் புறப்பட்ட புளியமரத்தைச் சாலைக்காக வெட்டிவிட்டார்கள். கொடி கட்டிய கட்டடம் செல்போன் கடையாகிவிட்டது. எங்கள் ஊரில் ஆயிரம் வருஷத்துக் கல் அப்படியே நிற்கிறது, கையை நீட்டிக் காட்டினால் போதும். இங்கே அறுபது வருஷத்துக்கு முன் நடந்ததைக் காட்டத் தக்காளிக் கூடைகளைத்தான் காட்ட வேண்டும். காய்கறி லோடு ஏற்றும் வண்டிகளுக்கு நடுவே நடந்து நடந்து பத்து மணிக்கே நான் சோர்ந்துவிட்டேன்.

மிச்சமிருந்த ஒரே இடம் நான்காவது நிறுத்தம்தான். பஸ் திரும்புகிற முக்கு. ஓசூர்ப் பக்கமிருந்து வருகிற பஸ் இன்றைக்கும் அங்கே வேகம் குறைத்துத்தான் திரும்பியாக வேண்டும். வெள்ளைத் தகரப் பலகையை ஏற்கெனவே நட்டு, துணி போட்டு மூடியிருந்தார்கள். துணியைத் தூக்கிப் பார்த்தேன். நீல எழுத்தில் நான் சேர்த்த சொல் முதலாவதாக நின்றது. அடியில் "தலைமை: மாணிக்கம்" என்று இருந்தது.

"அன்னிக்குப் போனவங்கள்ல இவரு மட்டுந்தான் மேடம் இப்ப ஊர்ல இருக்கறாரு. நாளான்னிக்குத் துணிய எடுத்துத் தெறக்கறதும் அவருதான்" என்றார் கவிதா.

அன்று பிற்பகல் கல்யாண மண்டபத்தில் கூட்டம். எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள். மாணிக்கம் மேடை நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது, கனத்த உடம்பு, வாயில் வெற்றிலை புகையிலை. தக்காளி மண்டியில் நாற்பது வருஷம் ஏலம் கூவிய குரல், மைக்கே வேண்டாம். ஊர்வலம் போனதை அவர் சொல்லச் சொல்லப் பின்வரிசைவரை கேட்டது. மைசூர் ராஜ்யத்து, இன்றைய கர்நாடகத்துப் பஸ் முக்கில் திரும்பியபோது மறித்து நின்றதுவரை வந்தார்.

முன்வரிசையில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்தாள். கிண்டலுக்கில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஐயா, அப்ப உங்களுக்கு இந்தி எழுத்து எதுன்னு தெரியுங்களா? மைசூர்ப் பஸ்ல இந்தி எதுக்குங்க எழுதியிருந்தாங்க?"

மாணிக்கம் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். நான் எத்தனையோ வழிகாட்டிகள் பதில் தெரியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். இவர் பதில் தெரிந்து திணறினார். கவிதா சட்டென்று மைக்கை வாங்கி, "ஐயாவுக்குக் களைப்பா இருக்குது, டீ குடிச்சிட்டுப் பேசலாங்க" என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

டீக்கு வந்த, எங்கள் ஊர்த் தட்டை மாதிரியான நிப்பட்டைக் கடித்துக்கொண்டிருந்தபோது மாணிக்கம் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "நீங்கதான போர்டுக்கு எழுதிக் குடுத்தீங்க? அத மாத்த முடியுங்களா?" என்றார்.

"எதை மாத்தணும்?"

"அது இந்தி இல்லீங்க. கன்னடம்."

மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் குரலுக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஊர்வலத்தில் போன ஒருவனுக்கும் இந்தி எழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாதாம். தமிழ் தெரியும், இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். இரண்டும் இல்லாத எழுத்தைப் பஸ் நெற்றியில் பார்த்ததும் அதுதான் இந்தி என்று பாய்ந்துவிட்டார்கள். தார் டப்பாவும் பிரஷ்ஷும் மாணிக்கத்தின் கையில். கூட வந்த வகுப்புத் தோழன் நஞ்சப்பா மட்டும் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று, "டேய், இது இந்தி இல்லடா, எங்கூட்டு எழுத்துடா" என்று கத்தியிருக்கிறான்.

"நம்பலீங்க. இந்திக்குப் பரிஞ்சு பேசறான்னு நெனச்சுட்டோம். நான்தான் அந்தப் பிரஷ்ஷாலயே அவன் மூஞ்சில அடிச்சேன். மூஞ்சி, சட்டையெல்லாம் தாரு. அப்ப போலீஸ் வந்துச்சு. எல்லாரும் ஓடிட்டோம். அவன் கண்ணு தெரியாம அங்கயே நின்னான். தாரு யாரு மேல இருக்குதோ அவன்தான் பூசுனவன்னு அவனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. இந்த ஊர்ல அன்னிக்குப் புடிபட்டது அவன் ஒருத்தன்தாங்க."

அதன்பிறகு நஞ்சப்பா பள்ளிக்கூடத்துக்கு வரவேயில்லை. பஞ்சப்பள்ளிப் பக்கம் ஒரு சிற்றூரில் பட்டுப்புழு வளர்க்கிறார். அரைமணி நேரத்து வழி. அறுபது வருஷத்தில் மாணிக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை. சந்தையில் தூரத்தில் பார்த்தால் வேறு பக்கமாகத் திரும்பிவிடுவாராம்.

"நெஞ்சுல ரெண்டு தடவ வலி வந்துடுச்சுங்க. அந்தத் துணிய எடுக்கறதுக்கு முன்னாடி அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். தனியாப் போகப் பயமா இருக்குது. கூட வரீங்களா?"

என்னை ஏன் கேட்டார் என்று நினைக்கிறீர்கள்? நான் வெளியூர்க்காரி. நான்காம் நாள் பஸ் ஏறிவிடுவேன். இந்த ஊரில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நம்பியிருப்பார். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பலகையில் நான் சேர்த்த அந்த "வீறுகொண்ட" நினைவுக்கு வந்தது. வருகிறேன் என்றேன்.

தங்கியிருக்கிற வீட்டில் மறைக்க முடியாமல் கவிதாவிடம் மட்டும் சொன்னபோது அவர் முகம் இறுகிப் போனது. அவருக்கும் முன்பே அரசல்புரசலாகத் தெரிந்திருக்கிறது. "மேடம், நாளைக்கே யாராச்சும் போன்ல படம் புடிச்சு, கன்னடக்காரர அடிச்சதுக்கு விழா எடுக்கறாங்கன்னு போட்டா என்னாகும்? இங்க நாங்க பக்கத்துப் பக்கத்து வூட்ல இருக்கறோம். பெங்களூர்ல எங்க ஊரு ஆளுங்க எத்தன பேரு வேல செய்யறாங்க! எதுக்குக் கெளறணும்?" என்றார். அவர் பயம் நியாயமானது. காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை சேகரின் ஆட்டோவில் நானும் மாணிக்கமும் கிளம்பினோம். பனி விலகவில்லை. வழியில் சாமந்தித் தோட்டம், தக்காளித் தோட்டம், மறுபடியும் சாமந்தி. பாதி வழியில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது என் முழங்காலும் இறங்கி ஏறியது. மாணிக்கம் வழி நெடுக விழா அழைப்பிதழை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நஞ்சப்பாவின் வீட்டை ஒட்டி நீளமான ஷெட். வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர் நிறைந்த தொட்டி. செருப்பை விட்டு அதில் காலை நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். ஒல்லியான மனிதர் ஒருவர் தோளில் மல்பெரிக் கட்டோடு வந்தார். எங்களைப் பார்த்தார். மாணிக்கத்தைப் பார்த்தார். கட்டை இறக்காமலே நின்றார். மாணிக்கம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"வாயில பொகையில இருக்குதா?" என்றார் நஞ்சப்பா.

மாணிக்கம் தலையாட்டினார்.

"துப்பிட்டு வாயக் கொப்புளிச்சிட்டு வா. புழு செத்துடும்."

அறுபது வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் பேச்சு அதுதான். என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க உள்ள வராதீங்க. தைல வாசன அடிக்குது, அதுவும் ஆகாது" என்றார். நான் வாசலிலேயே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

உள்ளே தட்டுத் தட்டாகப் புழுக்கள். சரசரவென்று ஒரு சத்தம். மழை வந்துவிட்டதோ என்று வானத்தைப் பார்த்தேன். புழுக்கள் இலை தின்னும் சத்தம் அது. நான்காவது தடவையும் தோல் உரித்துவிட்டதாம். இனி இரண்டொரு நாளில் கூடு கட்ட ஏறிவிடும். அதுவரைக்கும் நாளெல்லாம் இலை போட வேண்டும், ஒரு வேளை தவறினாலும் கூடு மெலிந்துவிடும், வீட்டில் கல்யாணமே என்றாலும் போக முடியாது என்று நஞ்சப்பாவின் மருமகள் எனக்குச் சொன்னாள். பிறகு உள்ளே பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு, "வந்தவரையும் வேல வாங்கறீங்களேன்னு மாமாவக் கேட்டேன்" என்றாள் என்னிடம். கிழவர் மாணிக்கத்தின் கையில் ஒரு கட்டு இலையைக் கொடுத்து, தட்டின் மறுபுறம் நிற்க வைத்திருந்தார்.

மாணிக்கம் இலைக் கொம்பைப் பரப்பிக்கொண்டே பேசினார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. "நஞ்சா, அன்னிக்கு நான்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"நெருக்கமாப் போடாத, பெரட்டிப் போடு" என்றார் நஞ்சப்பா. பிறகு, "தெரியும். பிரஷ் உங்கையிலதான் இருந்துச்சு. தாரு கண்ணுல விழறவரைக்கும் உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

"அப்பறம் ஏண்டா போலீஸ்ல எம்பேரச் சொல்லல?"

இதைக் கேட்கத்தான் மனுஷன் அறுபது வருஷம் காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. நஞ்சப்பா பெரிய மனது பண்ணி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"உன்னக் காப்பாத்தணும்னு இல்லடா. அவங்க தமிழ்ல கேட்டாங்க. எனக்கு இருந்த கோவத்துல தமிழ்ல ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன். கேட்டதுக்கெல்லாம் கன்னடத்துலயே திட்டுனேன். அங்க யாருக்கும் புரியல. இவனுக்குத் தமிழே தெரியாது, இவன் எங்க தமிழுக்குப் போராடப் போறான்னு காலைல தொரத்தி உட்டுட்டாங்க."

மாணிக்கம் இலையைக் கீழே வைத்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மிளகாய் எதுவும் தின்னாமலேயே.

"ஸ்கூலுக்கு ஏன் வரல?"

"எங்கப்பன் உடல. 'ஊருக்குள்ள கன்னடக்காரன்னு அடிக்கறாங்க, போலீஸ்ல தமிழ்க்காரன்னு புடிக்கறாங்க, எதுக்குடா உனக்குப் படிப்பு'ன்னாரு. நானும் அன்னிக்குக் கோசம் போட்டுக்கிட்டுதாண்டா வந்தேன். எனக்கும் இந்தி வேணாந்தான். அத யாருமே கேக்கல. நீயும் கேக்கல. புடிச்சதோ அடிச்சதோ பெருசில்ல. சந்தைல என்னப் பாத்தா திரும்பிக்குவ பாரு, அதுதான்."

மாணிக்கம் கீழே வைத்த இலையை மறுபடி எடுத்துப் பரப்பினார்.

"போர்டு வெச்சிருக்கறாங்க. உம்பேரப் போடச் சொல்றேன்" என்றார் மாணிக்கம்.

"எந்த எழுத்துல?"

நஞ்சப்பா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாணிக்கத்திடமிருந்த அழைப்பிதழை வாங்கி, மருமகளிடம் பேனா கேட்டு, அதன் பின்பக்கம் ஏதோ எழுதிக் கொடுத்தார். மூன்றே எழுத்து. கடைசி எழுத்துக்கு அடியில் சின்னதாக ஒரு சுழி தொங்கியது. "நாளைக்கு நான் வர முடியாது. புழு ஏறிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைத் தூக்கப் போய்விட்டார். நாங்கள் சாப்பிட்டோமா என்று மருமகள் கேட்டாள். சாப்பிடவில்லை என்றதும் எனக்கு வாசலிலேயே களி வந்தது. இந்தத் தடவை மெல்லாமல் விழுங்கினேன்.

திரும்பி வரும்போது மாணிக்கம் விரலால் தொடையில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணாடியில் பார்த்த சேகர், "என்னாங்கய்யா, பரீட்சைக்கா?" என்றார். மாணிக்கம் ஆமாம் என்றார்.

நான்காம் நாள் காலை நடை தொடங்கியது. நூறு பேருக்குக் குறையாது. பக்கத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். முதல் மூன்று இடங்களிலும் என் வழக்கமான குரலில் பேசினேன். இல்லாத புளியமரத்தைக் கையை நீட்டிக் காட்டினேன், அவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. கவிதா என் பக்கத்திலேயே வந்தார். என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நான்காவது நிறுத்தத்தில் மாணிக்கம் துணியை இழுத்தார். கைதட்டினார்கள். இப்போது நான் பலகையைப் படித்து விளக்க வேண்டும். "வீறுகொண்ட" என்று ஆரம்பித்தேன். மேலே போகவில்லை. இருபத்தாறு வருஷமாக நிழலில் நின்றுகொண்டு நிழல் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே பஞ்சப்பள்ளிப் பக்கம் ஒருவர் புழுவுக்கு இலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"இதை எழுதியதில் நானும் ஒருத்தி. இதில் இருப்பது தப்பு. சரியானதை, செய்தவரே சொல்லட்டும்" என்று விலகி நின்றேன்.

மாணிக்கம் சொன்னார். ஏலக் குரலில் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. எதையும் குறைக்கவில்லை. பிரஷ்ஷால் அடித்ததைச் சொன்னார், ஓடியதைச் சொன்னார், சந்தையில் திரும்பிக்கொண்டதைச் சொன்னார். கவிதா பயந்தது போலவே ஏழெட்டுப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. கூட்டத்தில் கேள்வி கேட்ட மாணவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பிறகு மாணிக்கம் மஞ்சள் பையிலிருந்து ஒரு டின் கறுப்புப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்தார். முதலில் "இந்தி" என்ற சொல்லை அழித்தார். அப்புறம் "தலைமை: மாணிக்கம்" என்பதை அழித்தார். பிரஷ்ஷைத் தோய்க்கக் குனிந்ததில் டின் சாய்ந்தது. கவிதா ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டார். தடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். டின்னைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, அவருக்கு எட்டுகிற உயரத்தில் ஏந்திப் பிடித்தபடி நின்றார். "மொதல்ல தமிழ்ல எழுதுங்க ஐயா" என்றார்.

அழித்த பெயருக்குக் கீழே மாணிக்கம் தமிழில் நஞ்சப்பா என்று எழுதினார். அழைப்பிதழைப் பார்த்துப் பார்த்து அதன் கீழே அந்த மூன்று எழுத்தையும் எழுதினார். முதல் எழுத்து பெரிதாகவும் கடைசி எழுத்து இடமில்லாமல் ஒடுங்கியும் வந்தது. அடிச்சுழிக்கு வந்தபோது பிரஷ் நழுவி, பெயிண்ட் அவர் விரலெல்லாம் வழிந்து முழங்கைவரைக்கும் இறங்கியது.

அதற்குள் முக்கில் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. பெங்களூரிலிருந்து வருகிற பஸ். நூறு பேர் சாலையை அடைத்து நின்றால் எப்படித் திரும்புவது? கண்டக்டர் இறங்கி வந்து கன்னடத்தில் சத்தம் போட்டார். என்ன கூட்டம், வண்டிக்கு நேரமாகிறது, வழி விட மாட்டீர்களா என்பதுதான் அது என்று கவிதா என் காதில் சொன்னார். அப்புறம் பேசியதையும் அவரேதான் சொல்லிக்கொண்டே வந்தார். சத்தம் போட்டுக்கொண்டே வந்தவர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"நஞ்சப்பா" என்று வாய்விட்டுப் படித்தார். எழுத்து சரியாக இருந்திருக்கிறது. மாணிக்கம் ஒரு பெருமூச்சு விட்டார். "யார் இவர், பெரிய தலைவரா?" என்று கேட்டார் கண்டக்டர்.

மண்டிக்காரருக்குக் கன்னடம் பேச வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "என்கூடப் படித்தவன். உங்கள் பஸ் போர்டுக்காக இந்த இடத்தில் அடி வாங்கியவன்" என்றார்.

கண்டக்டர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "அடித்தது யார்?"

மாணிக்கம் கறுப்பு வழிந்த கையைத் தூக்கிக் காட்டினார்.